எஞ்சின் விட்டுவிட்டு ஓடினால்: இறக்குமுன் பார்க்க வேண்டியவை

1990 இலும், பின்னர் 2006, 2007 ஆம் ஆண்டுகளிலும் படுவான்கரையிலிருந்தும் வாகரைப் பக்கத்திலிருந்தும் இடம்பெயர்ந்தவர்கள் எதை எதையெல்லாம் விட்டு வந்தார்கள் என்பதை நாம் இங்கே சொல்லத் தேவையில்லை. கொட்டிலில் விட்டுவந்த பழைய மொறிஸ் மைனரோ ‘ஏ போட்டி’ ஒஸ்ரினோ திரும்பி வந்தபோது எஞ்சியிருந்தால், அது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல். மரக்கறி மூட்டையைச் சந்தைக்குக் கொண்டு போகலாம். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட அயல்வீட்டுப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம்.

இப்படியான வண்டி ஒருநாள் நடுங்கத் தொடங்கும். ஏற்றத்தில் இழுக்காது, நின்ற இடத்தில் ‘டப் டப்’ என்று விட்டுவிட்டு அடிக்கும். கராஜுக்குக் கொண்டு போனால் “எஞ்சினை இறக்க வேணும்” என்று சொல்லிவிடுகிறார்கள். எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அதைக் கேட்டு, விதை நெல்லுக்கு என்று வைத்திருந்த நகையை அடகு வைக்கப் புறப்பட்டது. பிழை டிஸ்ரிபியூட்டர் மூடியில் இருந்த மயிரிழை வெடிப்பு ஒன்றுதான். எனவே இப்பாடத்தில், எஞ்சினைக் கழற்றாமல் வீட்டு முற்றத்திலேயே பிழையைத் தேடும் முறையைப் பார்ப்போம்.

முதலில் காது. சைலன்சரின் வாயருகே நின்று கேளுங்கள். ஒரே ஒழுங்கில், நாலில் ஒன்று தவறுவது போலக் கேட்டால் பிழை ஒரு சிலிண்டரில் இருக்கிறது. ஒழுங்கில்லாமல், சில வேளை நன்றாகவும் சில வேளை மோசமாகவும் ஓடினால் பிழை நாலுக்கும் பொதுவான இடத்தில், அதாவது பொயின்ற், கண்டென்சர், கொயில், எண்ணெய் வரும் வழி என்பவற்றில் இருக்கக்கூடும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இதைக் கேளாமல் பிளக் நாலையும் வாங்கி மாற்றுவோர்தான் அதிகம்.

ஒரு சிலிண்டர்தான் என்று தோன்றினால் அது எது? வண்டியை வெளியான இடத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, கைப் பிறேக்கை இழுத்துவிடுங்கள். எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, அதன் நுனி எஞ்சின் இரும்பில் தொடும்படி கட்டிவிட்டுத் தொடக்குங்கள். ஓட்டம் இன்னும் மோசமானால் அந்தச் சிலிண்டர் அதுவரை வேலை செய்திருக்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் வேலை செய்யாதது அதுதான். இப்படி நாலையும் பாருங்கள். ஓடும்போதே வயரைக் கையால் இழுப்பதை நாம் விரும்புவதில்லை; அதிர்ச்சி பலமானது, இருதய நோய் உள்ளவருக்கு ஆபத்து. சாரத்தின் நுனி, சேலைத் தலைப்பு விசிறியில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொயின்ற் இல்லாத புதிய வண்டிகளில் இம்முறை கூடாது.

றேடியேற்றர் பக்கம் இருப்பது முதலாம் சிலிண்டர். மொறிஸ் மைனரில் தீப்பற்றும் ஒழுங்கு 1, 3, 4, 2. யாராவது வயர்களைக் கழற்றி இடம் மாற்றிப் பூட்டியிருந்தாலும் வண்டி இப்படித்தான் குலுங்கும். ஆகவே இதையும் சரிபார்க்க வேண்டும்.

வேலை செய்யாத சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, பக்கத்துச் சிலிண்டரின் பிளக்கோடு மாற்றிப் பூட்டுங்கள். பிழையும் கூடவே இடம் மாறினால் பிளக் பழுது. மாறாவிட்டால் வயரை மாற்றிப் பாருங்கள். பிளக்கின் நிறமும் கதை சொல்லும். மண் நிறம் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் எண்ணெய் கூடுதலாகப் போகிறது. சோக் இறுகி நிற்கலாம், காற்று வடியில் தூசி அடைத்திருக்கலாம். எஞ்சின் ஒயிலில் நனைந்திருந்தால் றிங் அல்லது வால்வுப் பக்கம் பார்க்க வேண்டும். பெற்றோலில் நனைந்து மணத்தால் பொறி வரவில்லை என்று கொள்ளலாம். துப்புரவாக்கிப் பூட்டும்போது இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு. அளக்கும் தகடு இல்லாதவர்கள் இரும்பு அறுக்கும் கைவாளின் புதிய அலகை விட்டுப் பார்க்கலாம். அதன் தடிப்பு ஏறக்குறைய அதுவே.

பிளக்கும் வயரும் நல்லதாக இருந்தும் அதே சிலிண்டர் உறங்கினால், சாவியை மூடிவிட்டு, ஹாண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு சுற்றுக்கு நாலு தடவை கை பாரமாக உணர வேண்டும். ஒரு தடவை இலகுவாக வழுக்கிப் போனால் அங்கே அமுக்கம் இல்லை. பிளக் துவாரத்தால் ஒரு சிறு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, பிளக்கைப் பூட்டி மறுபடி சுற்றுங்கள். பாரம் கூடினால் றிங் தேய்ந்தது. கூடாவிட்டால் வால்வு மூடவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாக வழுக்கினால் இடையில் ஹெட் காஸ்கட் போயிருக்கும். மாதக்கணக்கில் கொட்டிலில் நின்ற வண்டியில் வால்வு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. மைனரில் வால்வு இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆயிரத்தில் 12 பங்கு. அது இறுகியிருந்தாலும் வால்வு மூடாது. இவ்வளவையும் பார்த்து அமுக்கம் இல்லை என்று கண்ட பின்னரே ஹெட்டைக் கழற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பிழை நாலுக்கும் பொதுவானது என்றால் டிஸ்ரிபியூட்டருக்கு வாருங்கள். எங்கள் வாவிக் கரையில், அதிலும் கார்த்திகை, மார்கழி மழையில், இதுதான் முதற் சந்தேகம். உப்புக் காற்று செம்பைப் பச்சையாக்கும். வெள்ளம் பாயும் வீதியைக் கடக்கும்போது விசிறி தண்ணீரை அள்ளி மூடியில் அடிக்கும். காலையில் குலுங்கி, வெயில் ஏறச் சரியாகிவிடும் வண்டிக்கு வேறு விளக்கம் தேடத் தேவையில்லை. மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பென்சிலால் கீறியது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் மூடியை மாற்றவே வேண்டும், துடைத்தால் போகாது. இருட்டிய பின் பொனற்றைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். மின்சாரம் ஒழுகும் வயரிலும் மூடியிலும் நீலப் பொறி ஊர்ந்து திரிவது கண்ணுக்குத் தெரியும். இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை.

பொயின்ற் கருகியிருந்தால் மெல்லிய அரத்தால் தட்டையாக்கி, முழுவதும் திறந்த நிலையில் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி வையுங்கள். பொயின்றில் பெரிய பொறி பறந்தால் கண்டென்சர் சந்தேகத்துக்குரியது. குளிரில் நன்றாக ஓடி, சூடேறியதும் மிஸ் பண்ணுவது கண்டென்சருக்கும் கொயிலுக்கும் உரிய குணம். வயர்களை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக எண்ணெய். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காமல், இதே மொறிஸ், ஒஸ்ரின் வண்டிகளைச் சில துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கெட்டித்தனத்தை நாம் குறை சொல்லமாட்டோம். வேறு வழி இருக்கவில்லை. ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. பிளக்கில் கரி படியும். எரியாதது கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானபின் மலிவு என்ற காரணமும் பலவீனமாகிவிட்டது. முன்பு அப்படி ஓடிய வண்டி என்றால் ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். மட்டம் தானாக உயர்ந்து, மண்ணெண்ணெய் மணத்தால், ஒயிலை மாற்றும்வரை ஓட்ட வேண்டாம். கானில் சேமித்த பெற்றோலை நேரே ஊற்றாமல் துணியால் வடித்து, அடியில் தங்கும் கடைசிப் பங்கை விட்டுவிடுங்கள். தண்ணீர் நிற்பது அதில்தான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அதன்பின்னும் கராஜுக்குப் போக நேர்ந்தால் அந்தக் கொப்பியையும் கொண்டு போய், “மூன்றாம் சிலிண்டரில் அமுக்கம் இல்லை, ஒயில் விட்டும் கூடவில்லை” என்று சொல்லுங்கள்.