இடம் பத்தாமலா பிள்ளை அடங்குகிறது?

நிறைமாதத்தில் வயிற்றுப் பிள்ளையின் அசைவு குறைந்தால், "நாள் நெருங்கிடுச்சு, உள்ளே இடம் பத்தல, அதான் அடங்கியிருக்கு" என்று தேற்றுவது வழக்கம். கர்ப்பிணிகளைச் சுற்றி உலவும் பேச்சுகளில் இதைவிட ஆபத்தானது வேறில்லை. சொல்பவர் நாலு பிள்ளை பெற்றவராக இருப்பதால் மறுத்துப் பேசவும் ஆளிருப்பதில்லை.

அசைவு 16 முதல் 24 வாரத்துக்குள் தெரியத் தொடங்கி, 32-ஆவது வாரம் வரை கூடும். பிறகு ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். இடம் குறுகும்போது மாறுவது அசைவின் தன்மைதான்: சுளீரென்ற உதை போய், புரளலும் நெளிதலும் வரும். எண்ணிக்கை குறையாது. வலி எடுத்த பிறகும் பிள்ளை அசையும்.

நஞ்சுக்கொடி வழியே வரும் ஆக்சிஜன் போதாதபோது பிள்ளை செலவைச் சுருக்குகிறது. ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் திரும்புகிறது; கைகால் ஆட்டம் குறைகிறது. இதயமோ கடைசிவரை துடிக்கும். ஆகவே கடையில் வாங்கிய டாப்ளர் கருவியை வயிற்றில் வைத்துத் துடிப்பைக் கேட்டு நிம்மதியடைவது பேதைமை. அதில் கேட்பது தாயின் நாடியாகவே இருக்கலாம். மருத்துவமனையில் சி.டி.ஜி. எடுக்கும்போது வயிற்றில் இரண்டு பட்டை கட்டுவார்கள். ஒன்று பிள்ளையின் துடிப்புக்கு, மற்றது கருப்பை இறுக்கத்துக்கு. பிள்ளை அசையும்போது துடிப்புக் கோடு மேலேறுகிறதா என்று தாளில் பார்ப்பார்கள். துடிப்பு இருந்தால் மட்டும் போதாது.

பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2011-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, வயிற்றிலேயே பிள்ளையை இழந்த தாய்மாரில் 55 சதவீதம் பேர் அசைவு குறைந்ததை முன்பே உணர்ந்திருந்தார்கள். ஒரே ஒரு முறை குறைந்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்குச் சிக்கல் எதுவும் இல்லை என்பதும் அதிலேயே உண்டு.

உலவும் மற்றப் பேச்சுகள் இதன் முன் அற்பம். குளிர்ந்த தண்ணீரும் ஜூஸும் பிள்ளையை எழுப்பும் என்பதற்கு நல்ல சான்றில்லை, நேரம்தான் வீணாகும். ஆண் பிள்ளை வலப்பக்கம் உதைக்கும் என்பது பொய். எழுந்து உட்காராமல் புரண்டு படுத்தால் தொப்புள்கொடி பிள்ளையைச் சுற்றும் என்பதும் பொய். கொடி சுற்றுவது பனிக்குட நீரில் பிள்ளையே புரளுவதால். படுக்கையைப் பற்றி அதட்ட விரும்பும் பெரியவர்கள் 28 வாரத்துக்குப் பின் மல்லாந்து தூங்காதே என்று அதட்டலாம். அதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது.

பிள்ளையின் தூக்கம் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம். 90-ஐத் தாண்டுவது அரிது. 28 வாரத்துக்குப் பின் அசைவில் சந்தேகம் வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக் கவனிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தெரியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அசைவே இல்லையென்றால் அந்த இரண்டு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. நடுராத்திரியானாலும் 108 ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். மறுபடி குறைந்தால் மறுபடியும் போக வேண்டும். போன வாரம்தானே பார்த்தார்கள் என்பது வீட்டிலிருக்கக் காரணமாகாது.