பெட்டித் தோட்டம்: மண்ணின்றிக் கீரை வளர்க்கும் முறை

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த கரையோர ஊர்களில், வயலில் நெல் விளைவிப்போரும் வீட்டுக்கு வேண்டிய கீரையைச் சந்தையில் வாங்க நேர்வதுண்டு. உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் போன்ற இடங்களின் மணல் வளவுகள் ஊற்றிய நீரைத் தாங்கி நிற்பதில்லை. வடகீழ்ப் பருவமழை தை மாதத்துடன் ஓய்ந்தபின், கச்சான் காற்று வீசும் மாதங்களில் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் ஏறுகின்றது. இத்தகைய வளவிலும் குறைந்த நீரைக்கொண்டு கீரை பெறுவதற்கு, மண்ணின்றிச் சத்து நீரில் பயிர் வளர்க்கும் முறை துணைசெய்யும்.

இம்முறை புதியதன்று. ஜெர்மனிய அறிஞர்களான சாக்ஸ், நொப் ஆகியோர் 1860 ஆம் ஆண்டையடுத்து, உப்புச் சத்துகள் கரைந்த நீரில் மட்டும் செடிகளை வளர்த்துக் காட்டினர். 1946 இல் ஷோல்ட்டோ டக்ளஸ் என்பார் வங்காளத்துக் காலிம்பொங்கில், எளியோரும் கையாளத்தக்க மண்ணில்லா வேளாண்மையை ஆராயத் தொடங்கினார். பின்னர் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராட்கி என்பார், மின்சாரமும் பம்பியும் இன்றிப் பெட்டியில் தேங்கிய சத்து நீரிலேயே கீரை வளர்க்கும் வழியை விளக்கினார். வீட்டுக்கு ஏற்றது இவ்வழியே.

வேருக்குக் காற்று வேண்டும்

நெல் வெள்ளத்தில் நின்று செழிக்கின்றது. மிளகாய்ப் பாத்தியில் இரண்டு நாள் நீர் தேங்கினாற் செடி வாடுகின்றது. இதன் காரணத்தை அறிந்தவர் பெட்டித் தோட்டத்தின் அடிப்படையை அறிந்தவராவர். நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உண்டு. அவற்றின் வழியே இலையிலிருந்து வேருக்குக் காற்று இறங்குகின்றது. மரக்கறிச் செடிகள் பலவற்றுக்கு அவ்வசதி போதிய அளவில் இல்லை. ஆதலின் வேரின் கீழ்ப்பகுதி நீரிலும் மேற்பகுதி ஈரக் காற்றிலும் இருத்தல் வேண்டும். பெட்டியின் மூடிக்கும் நீருக்கும் இடையே விடப்படும் வெளி வீணன்று; அதுவே வேர் மூச்சுவிடும் இடமாகும்.

பெட்டியை அமைத்தல்

மீன் ஏற்றப் பயன்படும் வெண்ணிற றெஜிபோம் பெட்டி, மூடியுடன் கிடைப்பின் போதுமானது. 60 சென்ரிமீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் 25 சென்ரிமீற்றருக்குக் குறையாத ஆழமும் உள்ளதைத் தெரிக. மீன் பெட்டியில் உப்புப் படிந்திருக்குமாதலால், நன்னீரால் பலமுறை கழுவி வெயிலில் உலர்த்த வேண்டும்.

பெட்டியின் உட்புறம் முழுவதும் கறுப்புப் பொலித்தீனை விரிக்க வேண்டும். அது நீர் கசியாமற் காப்பதோடு ஒளியையும் தடுக்கும். ஒளி புகுந்தாற் பாசி வளர்ந்து சத்தை உண்ணும்.

மூடியில் 20 சென்ரிமீற்றர் இடைவெளிக்கு ஒன்றாக ஆறு துளைகள் இடுக. வெறும் யோகட் கோப்பைகளின் அடியிலும் பக்கங்களிலும் சிறு துளைகள் இட்டு, விளிம்பு மூடியில் தங்குமாறு பொருத்துக. கோப்பையைத் தும்புத்தூளால் நிரப்ப வேண்டும். தும்புத்தூளிலும் உப்பு இருத்தல் கூடும். நன்னீரில் ஊறவைத்துப் பிழிதலை இரண்டு மூன்று முறை செய்தபின்னரே பயன்படுத்துக.

20 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிரப்பினாற் பெட்டி 48 லீற்றர் நீர் கொள்ளும். அது 48 கிலோகிராம் எடையாதலால், காலை வெயில் பட்டுப் பிற்பகலில் நிழல் விழும் சமதரையில் பெட்டியை முதலில் வைத்து, அதன் பின்னரே நீரை ஊற்ற வேண்டும்.

சத்து நீர்

அல்பேட் கரைசலுக்குரிய தூள் விவசாயப் பொருட் கடைகளில் விற்கப்படுகின்றது. பொதியில் அச்சிட்ட அளவை மீறலாகாது. நாற்றுக்கு முதலிரு வாரமும் அதிற் பாதியே போதும். கரைசலின் பி.எச். அளவு 5.5 இற்கும் 6.5 இற்கும் இடையில் இருத்தல் நன்று.

வயலுக்கு வாங்கிய யூரியாவைப் பெட்டியிற் கரைத்துப் பார்க்கும் எண்ணம் எழக்கூடும். அது தவறாகும். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் மாற்றிக் கொடுத்த பின்னரே யூரியா பயிருக்குப் பெரிதும் பயன்படுகின்றது. பெட்டியில் அவ்வுயிர்கள் போதிய அளவில் இல்லை. மேலும் மக்னீசியம், இரும்பு முதலிய சத்துகள் அதில் இல்லை. சாணக் கரைசலும் ஆகாது. அது அழுகி, நீரிலுள்ள காற்றைத் தீர்த்துவிடும்.

உவர் நீரின் கேடு

பெட்டித் தோட்டம் கெடுவதற்குக் கரையோரத்தில் முதற் காரணம் உவர் நீரே. செடி நீரை உறிஞ்சுகின்றது. கறியுப்பின் பெரும்பகுதியை நீரிலேயே விட்டுவிடுகின்றது. எனவே நீர் குறையக் குறைய உவர் கூடும். அதன்மேல் கிணற்று நீரையே மீண்டும் ஊற்றினால், சில வாரங்களில் இலையோரம் கருகும். நாவுக்கு நன்னீராகத் தோன்றுவதும் பயிருக்கு உவராக இருத்தல் கூடும். நீரின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 0.5 டெசிசீமனுக்குக் குறைவாயின் நன்று. 1 இற்கு மேற்பட்டதைத் தவிர்க்க வேண்டும். சோதிக்கும் வழியைத் தமது பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.

மாரியில் கூரையிலிருந்து வழியும் மழைநீரை மூடிய தொட்டியில் சேமித்து வைப்பவருக்குக் கோடையில் இத்தொல்லை இல்லை. குழாய் நீராயின், ஓரிரவு திறந்த பாத்திரத்தில் வைத்து மறுநாள் பயன்படுத்துக.

நடுகையும் பராமரிப்பும்

தொடக்கத்தில் கங்குன் கீரையே ஏற்றது. அது நீரில் வாழும் இயல்புடையது; தண்டை வெட்டி நட்டாலும் வேர்விடும். சலாதுக்கு மார்கழி, தை மாதங்களின் குளிர்ச்சி நன்று. அதன் விதையைத் தும்புத்தூளில் முளைக்கவைத்து, நான்கு இலை வந்ததும் கோப்பைக்கு மாற்றுக. நட்டு 5 அல்லது 6 வாரங்களில் அதனை அறுவடை செய்யலாம். தக்காளியும் மிளகாயும் மிகுந்த நீர் குடிப்பன. கீரையிற் பழகிய பின்னரே அவற்றை முயல வேண்டும்.

நடும்போது கோப்பையின் அடி 2 சென்ரிமீற்றர் அளவே சத்து நீரில் நனைய வேண்டும். நீர் இறங்க இறங்க வேர் நீண்டு அதனைத் தொடரும். பாதிக்கு மேல் வற்றினால், பாதிச் செறிவுள்ள சத்து நீரைச் சிறிதளவு சேர்க்கலாம். பழைய மட்டம்வரை நிரப்புதல் கூடாது; காற்றிற் பழகிய வேர் மூழ்கினால் அழுகும்.

நீர் சூடேறினாற் காற்றுக் குறையும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும்; 30 பாகையிலோ 7.5 மில்லிகிராம் அளவே தாங்கும். ஆகவே நண்பகல் வெயிலில் ஓலை நிழல் அவசியம். மாரியில் மழைநீர் புகாதவாறு பெட்டியை மறைக்க வேண்டும்.

நுளம்பைத் தடுத்தல்

2017 இல் கிண்ணியாவில் டெங்குக் காய்ச்சல் பரவிப் பல உயிர்களைக் கொண்டது. அந்நோயைப் பரப்பும் நுளம்பு தெளிந்த தேங்குநீரில் முட்டையிடும். செடியில்லாத துளைகளை அடைத்து, மூடியின் விளிம்பை ஒட்டி, வாரம் ஒருமுறை உள்ளே பார்த்தல் தவறாக் கடமையாகும். புழு காணப்படின் நீரை உடனே மணலில் கொட்டிப் பெட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இக்காவலைச் செய்ய இயலாதவர் பெட்டித் தோட்டத்தைத் தொடங்காதிருத்தலே நன்று.

அறுவடைக்குப் பின் எஞ்சும் சத்து நீரைத் தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றலாம், கிணற்றருகே கொட்டலாகாது.

பெட்டித் தோட்டம் வயலுக்கு ஈடாகாது. நெல்லுக்கும் பெருமளவு மரக்கறிக்கும் நிலமே உரியது. முதலில் ஒரு பெட்டியை மட்டும் அமைத்து, தூளுக்கும் விதைக்கும் ஆன செலவையும் பெற்ற கீரையின் விலையையும் எழுதிவைக்க வேண்டும். அக்கணக்கு நன்றென்று காட்டினால் இரண்டாவது பெட்டியை வைக்கலாம்.