கடைசி அரை மாத்திரையில்தான் கவனம் வேண்டும்

“நாலு நாளா மாத்திரை போடல டாக்டர். திரும்பவும் அதே படபடப்பு. வியாதி போகவே இல்ல போல.”

மனநல மருத்துவர்களின் அறையில் பழகிப்போன பேச்சு இது. சொல்பவர் பெரும்பாலும் நன்றாகத் தேறி வந்தவராக இருப்பார். வீட்டில் கல்யாணம் பேசியிருப்பார்கள், அல்லது சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார், அல்லது ‘நரம்பு மாத்திரை சாப்பிட்டா அடிமையாயிடுவ’ என்று உறவினர் யாராவது பயமுறுத்தியிருப்பார். மாத்திரை ஒரே நாளில் நின்றுபோயிருக்கும்.

அப்படி வரும் பதற்றம் எல்லாமே பழைய நோய் அல்ல. பழகிய மருந்து திடீரென விலகும்போது உடம்பு காட்டும் எதிர்ப்பாகவும் அது இருக்கலாம். மருத்துவர்கள் இதை ‘வித்ட்ராயல்’ (விலகல்) என்பார்கள். மெதுவாகக் குறைத்தால் பெரும்பாலானவர்கள் இதைச் சமாளித்துவிடலாம். அதற்கான வழி இது.

1. என்ன மருந்து என்று முதலில் பாருங்கள்

மாத்திரை அட்டையைத் திருப்பி, கம்பெனி வைத்த பெயரை அல்ல, மருந்தின் பெயரைப் படியுங்கள். குறைக்கும் வேகத்தை முடிவு செய்வது அந்தப் பெயர்தான்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் மருந்துகளில் பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் போன்றவை உடம்பைவிட்டு வேகமாக வெளியேறும். அதனால் தொந்தரவும் சீக்கிரம் தெரியும். ஃப்ளூஆக்ஸெடின் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். அதை விடுவது ஓரளவு எளிது. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் இரண்டும் நடுவில் நிற்பவை.

குளோனசெபாம், அல்பிரசோலாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் தனி ரகம். நாள்பட்ட பழக்கத்துக்குப் பிறகு இவற்றைச் சட்டென நிறுத்தினால் வலிப்பே வரலாம். லித்தியம், வால்ப்ரோயேட், மனச்சிதைவுக்கான மருந்துகள் ஆகியவற்றையும் தன்னிச்சையாகத் தொடக்கூடாது.

நம் ஊரில் எஸ்சிட்டலோபிராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையில் கலந்து வருவது சகஜம். அதைப் பாதியாக உடைத்தால் இரண்டு மருந்தும் ஒரே நேரத்தில் பாதியாகிவிடும். தொந்தரவு வந்தால் எதனால் என்றே தெரியாது. முதலில் இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

2. நேரம் சரியா என்று யோசியுங்கள்

மனச்சோர்வு முழுதாகத் தேறிய பிறகும் குறைந்தது 6 மாதமாவது மருந்தைத் தொடர வேண்டும் என்பது பொதுவான மருத்துவ வழிமுறை. நோய் பலமுறை திரும்பி வந்தவர்களுக்கு இந்தக் காலம் கூடும்.

வீடு மாறுவது, பரீட்சை, பிரசவம், புது வேலை, நெருங்கியவர் மரணம் போன்றவை நடக்கும் மாதங்களில் தொடங்க வேண்டாம். விரதம் என்றால் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் கேட்டால் போதும், நிறுத்தத் தேவையில்லை. கர்ப்பம் உறுதியானதும் பயத்தில் தாங்களாகவே நிறுத்துபவர்கள் உண்டு. சில மருந்துகளை மாற்றியாக வேண்டும் என்பது உண்மை. குறிப்பாக வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கும். ஆனால் அந்த மாற்றத்தை மருத்துவர்தான் செய்ய வேண்டும், அதுவும் முடிந்தால் கருத்தரிப்பதற்கு முன்பே.

3. மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்

“நிறுத்தலாமா?” என்று மட்டும் கேட்டால் “வேண்டாம், சாப்பிடுங்க” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடலாம். பதிலாக இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்:

- நான் இப்போது குறைக்கத் தொடங்கலாமா? இல்லையென்றால் எப்போது?
- முதல் குறைப்பு எவ்வளவு? எத்தனை வாரம் அதே அளவில் இருக்க வேண்டும்?
- இந்த மாத்திரையை உடைக்கலாமா? குறைந்த அளவிலோ திரவமாகவோ கிடைக்குமா?
- தொந்தரவு அதிகமானால் எந்த அளவுக்குத் திரும்ப வேண்டும்? யாருக்கு ஃபோன் செய்வது?

பதில்களை மருந்துச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். வகை மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

4. குறையக் குறைய, வேகத்தையும் குறையுங்கள்

பலர் தவறுவது இங்கேதான். 20 மி.கி.யிலிருந்து 10, 10இலிருந்து 5, பிறகு பூஜ்யம் என்று இறங்குவார்கள். முதல் இரண்டு படியும் சுலபமாகப் போய்விடும். கடைசி 5 மி.கி.யை விட்டதும் ஆட்டம் கண்டுவிடுவார்கள்.

மருந்தின் அளவும் மூளையில் அதன் வேலையும் நேர்கோட்டில் குறைவதில்லை என்பதே காரணம். சிட்டலோபிராம் 20 மி.கி. சாப்பிடும்போது, அது பிடிக்க வேண்டிய இடங்களில் சுமார் 80 சதவீதத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அளவை 5 மி.கி.யாகக் குறைத்தாலும் ஏறக்குறைய 60 சதவீதம் அதன் பிடியில்தான் இருக்கும். 15 மி.கி.யை விட்டதில் 20 சதவீதப் பிடிதான் குறைந்திருக்கிறது. மிச்சமுள்ள 5 மி.கி.யை விட்டால் 60 சதவீதமும் ஒரே அடியாகப் போகும். மார்க் ஹாரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் 2019இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் இதை விளக்கி, கடைசிப் பகுதியை மிகச் சிறு படிகளாக இறங்க வேண்டும் என்று எழுதினார்கள்.

எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. சாப்பிடும் ஒருவருக்கு மருத்துவர் 7.5, 5, 2.5 என்று, ஒவ்வொன்றிலும் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்தி இறக்கலாம். அதற்குக் கீழே இன்னும் சிறு அளவுகள் தேவைப்படலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவது குறைப்பது ஆகாது; சீக்கிரம் வெளியேறும் மருந்துகளில் அது ஒருநாள் ஏற்றம், மறுநாள் இறக்கம்.

குளோனசெபாம் போன்றவற்றில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அப்போதைய அளவில் 5 முதல் 10 சதவீதம் குறைப்பது இன்றைய பரிந்துரை. பல வருடம் சாப்பிட்டவருக்கு இது ஒரு வருடத்தைத் தாண்டலாம். அதில் தவறேதும் இல்லை.

5. ஒரு நோட்டு போடுங்கள்

தினமும் இரவு இரண்டே வரி போதும். உதாரணத்துக்கு:

“செவ்வாய். 7.5 மி.கி., 5ஆம் நாள். தூக்கம் 5 மணி நேரம், கெட்ட கனவு. காலையில் தலைசுற்றல், திரும்பும்போது தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி. பதற்றம் 10க்கு 6. மாலையில் 3.”

இரண்டு வாரம் இப்படி எழுதினால் பதற்றம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மருத்துவருக்கும் “ஒரு மாதிரியா இருக்கு” என்பதைவிட இது உதவும். நோட்டோடு மாத்திரைக் கையிருப்பையும் கவனியுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மாத்திரை தீர்ந்து, மெடிக்கலும் மூடியிருந்து, அறியாமலேயே மருந்து விட்டுப்போவது உண்டு. ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

6. நோய் திரும்பியதா, மருந்து குறைந்ததா?

மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

*எப்போது வந்தது?* அளவைக் குறைத்த சில நாட்களிலேயே வந்தால் பெரும்பாலும் மருந்து குறைந்ததன் விளைவு. நோய் திரும்புவது என்றால் வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல மெல்ல வரும். ஃப்ளூஆக்ஸெடினில் மட்டும் விலகல் தொந்தரவும் தாமதமாக வரலாம்.

*கூட என்ன வந்தது?* தலைசுற்றல், குமட்டல், ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, காய்ச்சல் வருவது போன்ற உடல்வலி, இவையெல்லாம் உங்கள் பழைய நோயில் இருந்தனவா? இல்லையென்றால் சந்தேகம் மருந்தின் பக்கம்.

*பழைய அளவுக்குத் திரும்பினால்?* மருத்துவர் சொல்லி பழைய அளவைச் சாப்பிட்டதும் ஓரிரு நாளில் அடங்கினால், அது விலகல்தான். நோய் என்றால் அடங்க வாரக்கணக்காகும்.

பயப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு: மனச்சோர்வு மருந்துகளை நிறுத்தியவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியான அலசலில், மருந்தை நிறுத்தியதாலேயே தொந்தரவு வந்தது ஆறேழு பேரில் ஒருவருக்குத்தான். கடுமையாக வந்தது சுமார் 35 பேரில் ஒருவருக்கு.

7. பதற்றம் ஏறும் அந்த நேரத்தில்

நாற்காலியில் உட்கார்ந்து இரு பாதத்தையும் தரையில் ஊன்றுங்கள். மூக்கால் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருப்பது முக்கியம். “இது மருந்து குறைந்ததால் வந்தது, போய்விடும்” என்று வாய்விட்டே சொல்லலாம்.

காபி, டீயைக் குறையுங்கள். மதியத்துக்கு மேல் வேண்டாம். மது கூடவே கூடாது. தூங்கும், எழும் நேரம் மாறாமல் இருக்கட்டும். தினமும் அரை மணி நேரம் நடங்கள். வீட்டில் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள். காரணமில்லாத எரிச்சலும் அழுகையும் ஏன் என்று அவருக்காவது புரியட்டும். பக்கத்து வீட்டு அக்காவின் தூக்க மாத்திரையை மட்டும் வாங்கிப் போடாதீர்கள்.

தாங்க முடியவில்லையென்றால் அடுத்த குறைப்பைத் தள்ளிப்போடுங்கள். மருத்துவரிடம் பேசி ஒரு படி மேலே போங்கள். அது தோல்வி இல்லை, வேகம் கூடிவிட்டது என்ற தகவல் மட்டுமே.

8. இவை தெரிந்தால் காத்திருக்காதீர்கள்

வலிப்பு, குழப்பமான பேச்சு, இல்லாததைப் பார்ப்பது அல்லது கேட்பது, நாட்கணக்கில் தூக்கமில்லாமலேயே அளவுமீறிய உற்சாகம், ஒரு இடத்தில் உட்கார முடியாத தவிப்பு, சாக வேண்டும் என்ற எண்ணம், இவற்றில் எது வந்தாலும் உடனே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், 108ஐ அழையுங்கள். மனம்விட்டுப் பேச டெலி மானஸ் 14416 இருக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

சிலர் குறைத்துப் பார்த்து, கொஞ்ச அளவு மருந்தோடு இருப்பதே நல்லது என்று முடிவு செய்வார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுபவர் வெட்கப்படுவதில்லை. இவர்களும் வெட்கப்பட வேண்டியதில்லை. நிறுத்துவதானாலும் தொடர்வதானாலும் மருத்துவரோடு சேர்ந்து முடிவெடுங்கள். இன்று இரவு போட வேண்டிய மாத்திரையை அதுவரை தவறாமல் போடுங்கள்.