புகார் கொடுத்த கார்டைக் கைது செய்யலாமா?

கம்ப்யூட்டரில் பாட்டு திக்கினாலோ கரகரத்தாலோ நம் கை நேரே சவுண்ட் கார்டின் டிரைவரிடம்தான் போகும். அழி, மறுபடி ஏற்று. சரிவரவில்லையா, கார்டையே மாற்று. இந்த வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெட்டிக்குள் நடக்கும் தகராறுகளில் சவுண்ட் கார்டு பெரும்பாலும் புகார்தாரர். அதைப் பிடித்து உள்ளே தள்ளினால் வழக்கு முடியாது. இப்படி நேர்வதற்குக் காரணம் நம் காது. ஹார்ட் டிஸ்க் ஒரு கோப்பைப் படிக்கக் கண்சிமிட்டும் நேரம் தாமதித்தால் யாருக்கும் தெரியாது. பிரிண்டர் இரண்டு விநாடி யோசித்துவிட்டு அச்சடித்தாலும் ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஒலிக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. பஃபரில் இருந்தது தீர்ந்து, அடுத்த துண்டு வந்துசேரச் சில மில்லி விநாடி பிந்தினாலே 'டிக்' என்று கேட்டுவிடும். வீட்டில் யார் யாரோடு சண்டை போட்டாலும் அழுவது கைக்குழந்தைதானே.

ஐஎஸ்ஏ என்ற பழைய ஸ்லாட் முறை இருந்த காலத்துப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகத் தெரியும். செயலியைக் கூப்பிட ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அழைப்புக் கம்பி வேண்டும். அதைத்தான் ஐஆர்க்யூ என்கிறோம். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் எட்டுக் கம்பிகள். 1984-இன் ஏடி இயந்திரத்தில் இரண்டாவது சிப் சேர்ந்து, பயன்படுத்தக்கூடியவை பதினைந்தாயின. கடிகாரம், கீபோர்டு, இரண்டு சீரியல் போர்ட், ஃபிளாப்பி, பிரிண்டர், ஹார்ட் டிஸ்க் எல்லாம் பங்கு போட்டுக்கொண்டது போக மிச்சம் கொஞ்சம்தான். ஆரம்பகால சவுண்ட் பிளாஸ்டர் கார்டுகள் 7-ஆம் எண்ணில் வந்தன. அது முதல் பிரிண்டர் போர்ட்டுக்கு ஒதுக்கப்பட்ட எண். 1992-இன் சவுண்ட் பிளாஸ்டர் 16 வழக்கமாக உட்காரும் இடங்கள்: போர்ட் 220, ஐஆர்க்யூ 5, செயலியின் கை படாமல் தரவை நகர்த்தும் வழியான டிஎம்ஏவில் 1-உம் 5-உம், மிடிக்கு 330. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த அடாப்டெக் 1542 ஸ்கஸி கார்டும் 330-ஐயும் டிஎம்ஏ 5-ஐயும்தான் கேட்கும். இரண்டு கார்டுகளையும் உறை பிரித்தபடியே ஒரே பெட்டியில் செருகினால் ஒன்றுக்கு இரண்டு மோதல். இதில் எந்தக் கார்டும் பழுதில்லை. ஒன்றை மாற்றிவிட்டு அதே மாதிரியில் புதிதாக வாங்கி வைத்தாலும் அதே மோதல் வரும்.

எந்த வளத்துக்காகச் சண்டை என்பதைச் சத்தமே சொல்லிவிடும். பழைய டாஸ் விளையாட்டுகளில் பின்னணி இசை ஒழுங்காக வருகிறது, துப்பாக்கிச் சத்தமும் பேச்சும் மட்டும் வரவில்லை என்று வையுங்கள். அந்த இசை எஃப்எம் சிப்பிலிருந்து வருவது. 388 என்ற முகவரியில் எண்களை எழுதினால் போதும், ஐஆர்க்யூவும் வேண்டாம், டிஎம்ஏவும் வேண்டாம். ஆகவே கார்டு உயிரோடிருக்கிறது. பதிவான ஒலிகளை அனுப்பும் பாதையில்தான் அடைப்பு. அரை விநாடித் துண்டு ஒன்றே கீறல் விழுந்த இசைத்தட்டுபோலத் திரும்பத் திரும்பக் கேட்டால் ஐஆர்க்யூவைச் சந்தேகிக்க வேண்டும். டிஎம்ஏ தன் பாட்டுக்கு பஃபரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, 'தீர்ந்துவிட்டது, புதிதாக நிரப்பு' என்ற அழைப்பு மட்டும் செயலிக்குப் போய்ச் சேரவில்லை. வெறும் இரைச்சலோ, ஒலி தொடங்கிய நொடியில் இயந்திரம் உறைவதோ என்றால் டிஎம்ஏ பக்கம் பார்க்கலாம். இந்த மூன்று அறிகுறிகளைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தவருக்கு பாதி வேலை ஸ்க்ரூடிரைவரைத் தொடும் முன்பே முடிந்துவிடும்.

பிரிண்டரும் சவுண்ட் கார்டும் 7-ஐப் பங்கிட்டும் ஒரு தொல்லையும் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். டாஸ் பொதுவாக அச்சடிக்கும்போது அந்த அழைப்பைப் பயன்படுத்துவதே இல்லை. பிரிண்டர் தயாரா என்று தானே திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும். கம்பி பெயரளவில்தான் பிரிண்டருடையது. அழைப்பைப் பயன்படுத்தும் வேறொரு டிரைவர் வந்த அன்று அந்தச் சமாதானம் உடையும். நேற்றுவரை ஓடியது என்பது மோதல் இல்லை என்பதற்குச் சாட்சியாகாது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பிளக் அண்ட் பிளே வந்தது, பிசிஐ வந்தது, ஒரே கம்பியைப் பலர் பகிர்வது சட்டப்படியே அனுமதிக்கப்பட்டது, இனி எங்கே மோதல்? நம்பர் மோதல் ஏறக்குறைய ஒழிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். டிவைஸ் மேனேஜரில் நான்கு கருவிகள் ஒரே ஐஆர்க்யூவில் இருப்பதைப் பார்த்துப் பதறுவதும் வீண். ஆனால் போட்டி கம்பியிலிருந்து நேரத்துக்கு இடம் மாறிவிட்டது. ஒரு வைஃபை டிரைவர் தன் வேலையைச் செயலியில் வைத்துக்கொண்டு சில மில்லி விநாடி இறங்காமல் இருந்தால் பாட்டு திக்கும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி எதுவும் வராது. லேட்டன்சிமான் போன்ற கருவி எந்த டிரைவர் அதிக நேரம் பிடித்தது என்று பெயரோடு காட்டும். யுஎஸ்பியிலும் இதே கதைதான். 12 மெகாபிட் வேகத்தில் ஓடும் மைக்கும் வெப்கேமும் ஒரே ஹப்பின் பின்னால் நின்றால் இருவருக்கும் ஒரே தெரு. மைக்கை வேறு கன்ட்ரோலரில் உள்ள போர்ட்டுக்கு மாற்றிப் பார்ப்பது, புது மைக் வாங்குவதைவிட மலிவு. சவுண்ட் கார்டு எப்போதுமே அப்பாவி என்று நான் சொல்லவில்லை. 2001 வாக்கில் வியா 686பி சிப் உள்ள சில மதர்போர்டுகளில் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டு இருந்தபோது டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நகலெடுத்த கோப்புகள் சிதைந்தன. பஸ்ஸை நெருக்கியதில் கார்டுக்கும் பங்கிருந்தது. இருந்தும் தீர்வு மதர்போர்டின் பயாஸ் திருத்தமாகவும் சிப்செட் திருத்தமாகவும்தான் வந்தது.

டிரைவரை மறுபடி ஏற்றினால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறதே என்பவர்களுக்கு: சில சமயம் ஆகும்தான், ஏனென்றால் அந்தச் சாக்கில் வளங்கள் மறுபங்கீடு ஆகின்றன. ஏன் சரியானது என்று தெரியாததால் அடுத்த கருவியைச் செருகும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது. பிளக் அண்ட் பிளே இயந்திரத்தில் ஒன்றைக் கழற்றியதும் மற்றவை இடம் மாறலாம், தடயம் அழிந்துபோகும். எதையும் தொடுவதற்கு முன் யார் எந்த எண்ணில் இருக்கிறார் என்று காகிதத்தில் எழுதி வைப்பதும், ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்வதும் இதற்காகத்தான். பழைய பெட்டிகளில் இடம் மாற வேண்டியவரும் சவுண்ட் கார்டு அல்ல. பல டாஸ் விளையாட்டுகள் 220-உம் 5-உம் என்றே நம்பி எழுதப்பட்டவை, நெட்வொர்க் கார்டு 10-க்குப் போகச் சம்மதிக்கும். பிசிஐ கார்டு என்றால் ஸ்லாட்டை மாற்றுவதே எண் மாற்றம், ஸ்லாட்டுக்கு ஸ்லாட் கம்பி இணைப்பு வேறுபடும் என்பதால். ஏஜிபி கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடுத்துள்ள முதல் ஸ்லாட் பல போர்டுகளில் அதனுடன் கம்பியைப் பகிர்வதால், அதை விட்டு இரண்டு தள்ளிச் செருகிப் பார்க்கலாம்.

சார்ஜரைச் செருகியதும் 'ஹூம்' என்று தொடங்கி, பிடுங்கியதும் நின்றுபோகும் முனகல் இந்தக் கணக்கில் சேராது. அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் எர்த் இணைப்பும் செய்யும் வேலை, அதற்கு எந்த டிரைவரை மாற்றியும் பயனில்லை.