பழைய கம்ப்யூட்டரில் ஜிடிஏ ஓடுமா?

கேள்வி: நான்காம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம் உள்ள பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகன் ஜிடிஏ 5 விளையாட ஆசைப்படுகிறான். குறைந்த செலவில் முடியுமா?
- வாசகர், முத்தையாபுரம், தூத்துக்குடி

பதில்: தாராளமாக முடியும். 2015-இல் கணினிக்கு வந்த விளையாட்டுதானே அது! முதலில் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறங்கள். உங்களுடையது உப்பளக் காற்று வீசும் ஊர். ராமின் கால்களில் களிம்பு ஏறியிருக்கலாம். பென்சில் அழிப்பானால் மெல்லத் துடையுங்கள், செலவில்லாத வைத்தியம்.

ராமை 8 ஜிபி ஆக்குங்கள். ஒரே மாதிரி இரண்டு 4 ஜிபி டிடிஆர்3 போட்டால் வேகம் கூடும். எஸ்எஸ்டி நல்லதுதான். ஆனால் விளையாட்டு சீக்கிரம் திறக்குமே தவிர, காட்சி வழுக்கிக்கொண்டு ஓடாது.

அதற்குக் கிராபிக்ஸ் கார்டுதான் வேண்டும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 75 வாட்டில் அடங்கும். பெரும்பாலான மாடல்களுக்குத் தனி மின்கம்பி தேவையில்லை என்பதால் பழைய பவர் சப்ளையே பெரும்பாலும் போதும். ஜிடி 1030 வாங்கினால் ஜிடிடிஆர்5 வகையா என்று பாருங்கள். அதே பெயரில் விற்கும் டிடிஆர்4 வகை மிக மந்தம், ஏமாறாதீர்கள்.

பழைய கார்டு என்றால், கடையிலேயே அரைமணி நேரம் விளையாட்டை ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.