இணையத் துணைக்கோள்கள்: ஏற்றமும் இறக்கமும்

திருவனந்தபுரம் வானாராய்ச்சி நிலையம் 1837-ஆம் ஆண்டில், சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக் காலத்தில் நிறுவப்பெற்றது. அந்நகரை அடுத்த தும்பாக் கடற்கரையிலிருந்து 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் முதல் ஆராய்ச்சி ராக்கெட் ஏவப்பட்டது. வானத்தை நோக்குவோர்க்கும், வானத்திற்குக் கலங்களை அனுப்புவோர்க்கும் இடையே இன்று எழுந்துள்ள பிரச்சினையை இந்நகரிலிருந்தே ஆராய்வது பொருத்தமாகும்.

இணையத் துணைக்கோள்கள் பூமிக்கு அருகில் சுற்றுவதால் செய்தி விரைவில் சென்று திரும்புகிறது. ஆயின், தாழச் சுற்றும் கோள் பூமியின் சிறு பகுதியையே ஒரு சமயத்தில் காணவல்லது. ஆதலின் அவை பெருந்தொகையில் தேவைப்படுகின்றன. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருப்பெற்ற எல்.வி.எம்.3 ராக்கெட், 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலுமாக ஒன்வெப் நிறுவனத்தின் 72 துணைக்கோள்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சுமந்து சென்றது. அவை சுற்றும் உயரம் 1,200 கிலோமீட்டர். 2019-ஆம் ஆண்டு முதல் ஏவப்பட்டுவரும் ஸ்டார்லிங்க் கோள்கள் தொடக்கத்தில் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் அமைக்கப்பெற்றன.

அந்தி வேளையில் தெருவில் இருள் சூழ்ந்த பின்னரும் கோபுரக் கலசம் ஒளிர்வதைக் காண்கிறோம். துணைக்கோளும் அவ்வாறே ஒளிர்கிறது. திருவனந்தபுரத்தில் தலைக்கு நேர் மேலே செல்லும் கோளின்மீது, அது 550 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பின், சூரியன் மறைந்து சுமார் ஒன்றரை மணி நேரம் வரை வெயில் படும். 1,200 கிலோமீட்டராயின் இரண்டு மணி நேரத்திற்கு மேலும் படும். மங்கலான விண்மீன்களைப் படமெடுக்கத் தொலைநோக்கி நெடுநேரம் ஒளியைச் சேகரிக்க வேண்டும். அவ்வேளையில் குறுக்கிடும் கோள் படத்தில் வெண்கோடாகப் பதிந்து ஆராய்ச்சியைக் கெடுக்கிறது.

உயரம் மற்றொன்றையும் நிர்ணயிக்கிறது. 550 கிலோமீட்டரில் எஞ்சியுள்ள மெல்லிய காற்று, செயலிழந்த கோளையும் சில ஆண்டுகளில் கீழே இழுத்துவிடும். 1,200 கிலோமீட்டரிலோ அது பல நூற்றாண்டுகள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனை இறக்குவதற்கு எரிபொருளும் பழுதற்ற உந்துகருவியும் இன்றியமையாதவை.

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. இந்தியாவும் பிரான்சும் கூடி 2011-ஆம் ஆண்டில் ஏவிய மேகா-டிராபிக்ஸ் துணைக்கோள் சுமார் 1,000 கிலோகிராம் எடையுடையது; 867 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. தானாக விழ நூறாண்டுகளுக்கு மேலாகும். கட்டுப்படுத்தி இறக்குவதற்கென அது அமைக்கப்படவில்லை. எனினும் ஏறக்குறைய 125 கிலோகிராம் எரிபொருள் மிஞ்சியிருந்தது. 2022 ஆகஸ்டு முதல் அதன் பாதை படிப்படியாகத் தாழ்த்தப்பட்டது. 2023 மார்ச்சு 7-ஆம் நாள், செல்லும் திசைக்கு எதிராக உந்தி வேகத்தைக் குறைத்து, மக்கள் வசிக்காத பசிபிக் மகாசமுத்திரப் பரப்பின்மீது அதனை வீழ்த்தினர்.

ராக்கெட்டின் பகுதிகளுக்கும் இவ்விதி பொருந்தும். 2024 ஜனவரி 1-ஆம் நாள் ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி.-சி58 ராக்கெட்டின் நான்காம் கட்டம், தன் பணி முடிந்ததும் 650 கிலோமீட்டரிலிருந்து 350 கிலோமீட்டருக்குத் தாழ்த்தப்பட்டது. மார்ச்சு 21-ஆம் நாளே அது வட பசிபிக்கின்மீது வாயுமண்டலத்துள் நுழைந்து அழிந்தது.

மேகா-டிராபிக்ஸில் எரிபொருள் மிஞ்சியிருந்தது நற்பேறாகும். ஆயிரக்கணக்கில் ஏறும் கோள்களை அத்தகைய நற்பேற்றை நம்பி விடுதல் இயலாது. இறக்கத்திற்குரிய எரிபொருளை ஏற்றத்தின்போதே கணக்கிட்டு வைத்தல் வேண்டும்.