சாண எரிவாயு

மாடு கட்டிய வீட்டில் விடியற்காலையில் முதல் வேலை சாணம் வாருவதாகும். வாரிய சாணத்தில் ஒரு பங்கு எருக்குழிக்குச் செல்லும். மறு பங்கு வறட்டியாய்ச் சுவரேறும். குழிக்குச் சென்றது வயலுக்கு உணவு. சுவரேறியதோ அடுப்பில் எரிந்து, சமைப்பவர் கண்ணையும் மார்பையும் புகையால் வருத்தும். பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் அப்புகையோடு போய்விடும். சாணம் அடுப்புக்கா, வயலுக்கா என்னும் இவ்வழக்கு நம் நாட்டில் மிகப் பழையது.

இரண்டிற்கும் உதவும் வழி ஒன்று உண்டு. 1776-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்டா என்பார், ஏரிக்கரைச் சேற்றைக் கோலால் கிளறி, மேலெழுந்த குமிழிகளைக் குப்பியில் பிடித்தார். தீயைக் காட்டியதும் அது எரிந்தது. மீத்தேன் என்று நாம் கூறும் வாயு அதுவே. காற்றுப் புகாத இடத்தில் மட்கும் பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்பொழுது அது தோன்றுகிறது. அந்நுண்ணுயிர்கள் மாட்டின் வயிற்றிலும் வாழ்கின்றன. ஆதலால் சாணத்தோடு தாமே வந்துவிடுகின்றன. வேறெங்கும் தேட வேண்டுவதில்லை!

டில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1939-இல் இதற்கான சோதனைகள் நடந்தன. பின்னர் ஜஷ்பாய் படேல் என்பார் மிதக்கும் கொப்பரை உடைய கலத்தை அமைத்தார். 1960-களில் காதி கிராமத் தொழில் ஆணையம் அதனை ஊர்தோறும் பரப்ப முற்பட்டது. கிணறு போன்ற தொட்டி ஒன்று; அதன்மேல் கவிழ்த்த இரும்புக் கொப்பரை. சாணத்தையும் நீரையும் சம அளவாகக் கரைத்துக் குழாய் வழியே உள்ளே விடுவர். வாயு சேரச் சேரக் கொப்பரை உயரும். அடுப்பைத் திறந்தால் மெல்லத் தாழும். அதன் எடையே வாயுவை அடுப்பங்கரை வரை தள்ளிவிடுகிறது. ஒரு கிலோ சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் வாயு தரும். நான்கைந்து மாடுகள் இருப்பின் ஒரு குடும்பத்தின் சமையல் முடியும். சுடர் நீலம், புகை இல்லை. மறுபுறம் வழியும் குழம்பில் தழைச்சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும், நாற்றமோ குறைந்திருக்கும். அது வயலுக்குப் போகும்.

எனினும், கட்டிய கலங்கள் எல்லாம் இயங்கவில்லை. சில இடங்களில் இரும்பு துருப்பிடித்தது. சில இடங்களில் நாள்தோறும் கரைத்து ஊற்ற ஆளில்லை. குளிர் மிகுந்தால் நுண்ணுயிர்களும் சோம்பிவிடும். இவற்றையெல்லாம் திருத்திவிடலாம். ஒரே மாடு உடையவன் என் செய்வான்? தெருச் சாணத்தைப் பொறுக்கி வறட்டி தட்டும் ஏழைப் பெண் என் செய்வாள்? சாணத்திற்கு மதிப்பு ஏறினால் அவள் கூடைக்கு அது கிட்டாது. பலர் கூடிப் பொதுக்கலம் அமைப்பதாயின், யார் எவ்வளவு சாணம் இடுவது, யார் வீட்டு அடுப்புக்கு எவ்வளவு வாயு என்பதை முதலில் பேசி முடித்துக்கொண்டே குழி வெட்டுதல் வேண்டும்.